இருநூறு ஜோடி ஜாதகம்

மறுபடியும் சிவப்பு. என்டரைத் தட்டிட்டு முழுசா ஒரு மூச்சு விடல, அதுக்குள்ள ஸ்கிரீன்ல பத்து வரி எர்ரர் சிவப்பா இறங்கி நிக்குது. கடைசி வரியப் படிச்சாப் போதும், மேல இருக்கறதெல்லாம் எந்த எந்த வழியா வந்து விழுந்தோம்ங்கற புலம்பல். கடைசி வரி என்ன சொல்லுதுன்னா, வேற ஒரு அளவுக் கருவி ஏற்கனவே ஓடிட்டிருக்கு, உன்னை உள்ள விட முடியாதுங்குது. யாரு ஓட்டறா? நான்தானே இங்க உக்காந்திருக்கேன். மணி பதினொண்ணே கால். ஒரு மணிக்குள்ள மாப்பிள்ளைக்கு ரிப்போர்ட் போகோணும். மாப்பிள்ளைன்னா என் மாப்பிள்ளை இல்ல, எங்க ஓனர் நாச்சிமுத்து அய்யாவோட மருமகன் கௌரிசங்கர். போன வருஷத்துல இருந்து கம்பெனிய அவர்தான் பாக்கறாரு. கல்யாணத்துக்கு ஜாதகம் பாத்துக் குடுக்கற கம்பெனி, அதுல இருக்கறவங்க அவரை முதுகுக்குப் பின்னால வேற எப்படிக் கூப்பிடுவாங்க? காலைல என் டேபிள் ஓரத்துல சாஞ்சு நின்னுட்டுச் சொன்னாரு, "சாந்தாமணி, நீங்க பெருசா ஒண்ணும் எழுத வேண்டாங்க. பானு புரோகிராமை மாத்தினதுக்கு அப்பறந்தான் ஸ்லோ ஆச்சுன்னு ஒரே ஒரு வரி. ரெண்டு மணிக்கு ஹெச்.ஆர். கூப்பிட்டுப் பேசிருவாங்க, திங்கக்கிழமைல இருந்து அந்தப் பொண்ணு வர வேண்டியதில்ல." நான் ரோஷமா, "அளந்து பாக்காம நான் ஒரு எழுத்து எழுத மாட்டேனுங்க"ன்னு சொல்லிப்போட்டேன். சொல்லும்போது நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப அளக்கற கருவியே உள்ள போக மாட்டேங்குது.

அளக்கறதுன்னா ஒண்ணும் பெரிய வித்தையில்ல. ஸ்கிரிப்ட் ஓடும்போது கூடவே ஒரு புரொஃபைலரை ஓட விட்டா, எந்த ஃபங்ஷன், அதாவது உள்ள இருக்கற எந்தத் துண்டு வேலை, எத்தனை தடவை ஓடுச்சு, எத்தனை நொடியத் தின்னுச்சுன்னு கடைசில பட்டியல் போட்டுக் குடுத்துரும். ஸ்கிரிப்டும் பெருசில்ல. விடியக்காலைல அஞ்சு மணிக்குத் தானா எந்திரிச்சு, புதுசா பதிஞ்ச ஜாதகத்தையெல்லாம் பழசோட ஜோடி போட்டு, பத்துப் பொருத்தமும் பாத்து, தேறினதைப் பெத்தவங்களுக்கு மெயில் பண்ணும். முப்பத்து மூவாயிரம் ஜோடி சொச்சம். போன மாசம் வரைக்கும் அஞ்சாறு நிமிஷத்துல முடிஞ்ச வேலை. இப்ப ஏழு மணி நேரம். காலைக் காப்பியோட பாக்க வேண்டிய பட்டியல் மத்தியானச் சோத்துக்குத்தான் போகுது. வைகாசி முகூர்த்தம் தலைக்கு மேல இருக்கு, பெத்தவங்க சும்மா இருப்பாங்களா, ஃபோன் மேல ஃபோன். எப்ப இருந்துன்னு கேட்டா தேதி போட்டே சொல்லலாம், பானு கை வெச்ச நாள்ல இருந்து. அதுதான் என்னைக் குடையுது. அவ செஞ்சதுல தப்பே இல்ல. ஒரே கணக்க ரெண்டு எடத்துல எழுதி வெச்சிருந்தோம், வெப்சைட்டுல யாராச்சும் ரெண்டு ஜாதகத்தப் போட்டுப் பாக்கறதுக்கு ஒண்ணு, இந்தக் காலைப் பட்டியலுக்கு ஒண்ணு. ஒண்ணத் திருத்தினா இன்னொண்ண மறந்துருவோம். அவ ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டு, வெப்சைட்டுக்கு நான் எழுதினதையே பட்டியலும் கூப்பிடற மாதிரி மாத்தினா. அஞ்சு ஜோடி போட்டுப் பாத்தோம், சரியா வந்துச்சு. ஓகே பண்ணினதே நான்தான். மெஹராஜ் பானு. எட்டு வருஷம் வீட்டுல ரெண்டு பிள்ளைங்களோட இருந்துட்டுத் திரும்பி வேலைக்கு வந்தவ. வந்து ரெண்டு மாசம், மூணு மாசச் சோதனைக் காலம் இன்னும் முடியல. ஜாதகம் பாக்கற வீட்டுல பொறக்கல, ஆனா வந்த முதல் வாரமே இருபத்தேழு நட்சத்திரமும் ரஜ்ஜுவும் வேதையும் அவளுக்கு மனப்பாடம், எனக்குச் சந்தேகம் வந்தாலே அவளத்தான் கேக்கறேன். போன வாரம் டீ குடிக்கையில சொன்னா, "இந்த வேலை போச்சுன்னா, இன்னொரு தடவை வீட்டுல போய் வேலைக்குப் போறேன்னு கேக்க எனக்குத் தெம்பு இல்லக்கா." சிரிச்சுட்டேதான் சொன்னா. இப்ப ரெண்டு சீட்டு தள்ளி உக்காந்து எதையோ டைப் பண்ணிட்டிருக்கா, இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கறா.

சரி, யாரு ஓட்டறான்னு பாத்துருவோம். நான் ஓட்டறது சோதனை மெஷின்ல பானு வெச்சிருந்த பிரதி. திறந்தா முதல் வரியிலேயே இருக்கு, புரொஃபைலரை ஆன் பண்ற வரி, பக்கத்துலயே 'பானு, செவ்வாய்க்கிழமை'ன்னு குறிப்பு. ஓ. அப்ப இவளும் தேடியிருக்கா. உள்ளுக்குள்ள ஒரு கருவி ஏற்கனவே ஓடுது, நான் வெளிய இருந்து இன்னொண்ணு ஓட்டினா எப்படி விடும். தேடினவ தேடினேன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா? அந்த வரிய எடுத்துட்டு மறுபடி என்டர். மறுபடி சிவப்பு. இந்தத் தடவை வேற, ஒரு பேரச் சொல்லி இந்தப் பேருல எதுவுமே இல்லையேங்குது. இது எனக்குத் தெரியும். ஒரு ஃபங்ஷனை வரிவரியா அளக்கோணும்னா அதோட தலைக்கு மேல ஒரு அடையாளம் போடுவோம், அந்தக் கருவி இல்லாம சும்மா ஓட்டினா, நாங்க புரோகிராம் எழுதற பைத்தானுக்கு அந்த அடையாளம் என்னன்னே தெரியாது, நின்னுரும். போட்டவங்க வேலை முடிஞ்சதும் எடுக்கோணும். எந்த ஃபைலு? நட்சத்திர ஃபைலு, நாப்பத்தியொண்ணாவது வரி. எனக்குச் சுருக்குன்னு ஏறுச்சு. அது என் ஃபைலு. வந்த முதல் நாளே சொன்னேன் அவகிட்ட, "இந்த ஃபைலைத் தொடாதே. இது நான் எழுதினது. நான் எழுதினதுல தப்பு இருக்காது." அவ சரிங்க்கான்னு தலையாட்டினா. தலையாட்டிட்டு இப்ப என்ன பண்ணி வெச்சிருக்கா பாரு. நேரா நாப்பத்தியொண்ணுக்குப் போனேன், அந்த அடையாளத்த அழிச்சேன், சேவ் பண்ணி மூடினேன். கீழ என்ன ஃபங்ஷன்னுகூடப் பாக்கல. எதுக்குப் பாக்கோணும், நான் எழுதினதுதானே.

மூணாவது தடவை ஓடுச்சு. சிவப்பு இல்ல. ஒரு சின்ன மாதிரி மட்டும் எடுத்து ஓட விட்டேன், நிமிஷத்துல பட்டியலும் வந்துச்சு. பாத்தா மொத்த நேரமும் ஒரே ஒரு வரியில, காத்திருந்தது. வேற ஒண்ணுமில்ல, பூட்டு திறக்கட்டும்னு காத்திருந்தது, அவ்வளவுதான். அடக் கருமமே. ஏசி நேரா கழுத்துல அடிக்குது, இடது தோள்பட்டை நாலு நாளாவே பிடிச்சிருக்கு. அவினாசி ரோட்டுல எதையோ துளைக்கறாங்க, ஜன்னல் கண்ணாடி லேசா அதிருது. டீயில ஆடை கட்டிருச்சு. எனக்கு நாப்பத்து மூணு வயசு. கம்பெனிலயே பைத்தான் முதல்ல கத்துக்கிட்டவ நான்தான், இப்ப இருக்கற பைத்தானுக்கும் நான் கத்துக்கிட்டதுக்கும் நடுவுல எத்தனையோ மாறிப்போச்சு. மாப்பிள்ளை பானுவ அனுப்பிட்டு அடுத்தது யாரைப் பாப்பாரு? டேபிள்ல சாஞ்சு நிக்கையில அவர் கண்ணு என் ஸ்கிரீனைப் பாக்கல, என் கண்ணாடியத்தான் பாத்துச்சு, அதத் தூக்கித் தூக்கி விட்டுத்தான் நான் படிக்கறேன். பயமான்னு கேட்டா, ஆமா, பயந்தான். இருக்கட்டும். காத்திருந்தது யாரு? அதைக் கேளு முதல்ல. மண்டைல அப்பத்தான் பல்பு எரிஞ்சுது. ஸ்கிரிப்ட் வேலைய நாலாப் பிரிச்சு நாலு பேர்கிட்டக் குடுக்கற மாதிரி ஓடுது. புரொஃபைலர் அந்த நாலு பேரைப் பாக்கறதே இல்ல, வாசல்ல நின்னுட்டிருக்கற மேஸ்திரிய மட்டுந்தான் பாக்குது. மேஸ்திரி என்ன பண்ணுவாரு, காத்திருப்பாரு. நாலை ஒண்ணாக் குறைச்சேன். முப்பத்து மூவாயிரம் வேண்டாம், இருநூறு ஜோடி போதும். என்டர். மணி பன்னெண்டு ஆக அஞ்சு நிமிஷம்.

ஓடுது. சிவப்பு இல்ல, ஒண்ணுமே இல்ல, கர்சர் குச்சி மட்டும் மினுக்கு மினுக்குன்னு நிக்குது. முடியற வரைக்கும் எதுவும் காட்டாது. இருநூறு ஜோடிக்கு எவ்வளவு ஆகும்? அஞ்சு நிமிஷம் தாண்டிருச்சு. நல்லா இருந்த காலத்துல ரெண்டு நொடி. காத்திருக்கறதுதான் இந்த வேலைல பாதி, யாருகிட்டயும் சொல்லிக்க முடியாத பாதி. அப்பா கோபில ஜோசியருகிட்ட என் ஜாதகத்தக் கொண்டு போனப்ப நானும் கூடப் போயிருந்தேன். என்னை வெளியவே உக்கார வெச்சுட்டாங்க. கதவு பாதி திறந்திருந்துச்சு. ஜோசியர் ரெண்டு கட்டத்தையும் முன்னால வெச்சுட்டுக் கண்ண மூடினாரு. மூடினவரு மூடினவருதான். அப்பா இருமக்கூட இல்ல. எனக்கு வெளிய கால் மரத்துப்போச்சு. அப்பறம் கண்ணத் திறந்து, பத்துக்கு ஒன்பதுன்னாரு. பஸ்ஸுல திரும்பி வரையில அப்பா ஒன்பதைப் பத்திப் பேசவே இல்ல, "எவ்வளவு நேரம் பாத்தாரு தெரியுமா, அவசரமே படல, நல்ல மனுசன்"ன்னு அதையே நாலு தடவை சொன்னாரு. ஒன்பது பொருத்தம் ரெண்டு வருஷம் தாங்குச்சு. அதுல எனக்கு இப்ப வருத்தம் ஒண்ணுமில்ல, ரெண்டு பேருமே கெட்டவங்க இல்ல, ஒத்துவரல, அவ்வளவுதான். ஆனா அந்தக் கண் மூடின நேரம் மட்டும் அப்படியே நிக்குது. அந்த நேரத்துல அவரு நிஜமாவே கணக்குத்தான் போட்டாரா? கட்டத்தப் பாத்ததும் தெரிஞ்சிருக்கும். எனக்கே இப்ப பாத்ததும் தெரியும். எட்டு நிமிஷம். பானு தண்ணி பாட்டிலைத் திறந்து குடிக்காமயே மூடி வைக்கறா. எதுக்கு என்னைப் பாக்க மாட்டேங்கறா? தப்புப் பண்ணினவ மாதிரி தலையக் குனிஞ்சு குனிஞ்சு... தப்பு அவ மேல இருந்துட்டா? இருந்தா எழுதித்தான் ஆகோணும். பாவம் பாத்து எழுதாம இருக்கறவ இல்ல நான். பேருதான் சாந்தாமணி, குணம் அப்படி இல்லன்னு எங்க அம்மாவே சொல்லும். ஒன்பது நிமிஷம். குச்சி மினுக்குது.

பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. அறுநூத்தி ரெண்டு நொடி. நேரம் அதிகம் தின்னது மேல வர்ற மாதிரி அடுக்கினேன். முதல் வரி, இருநூறு தடவை, அறுநூறு நொடி, தடவைக்கு மூணு. பேரைப் படிக்கறதுக்கு முன்னாலயே கண்ணு அந்த எண்ணுல நின்னுருச்சு. மூணு. ரெண்டே முக்காலும் இல்ல, மூணே காலும் இல்ல. வேலை செஞ்சா கணக்கு இப்படி வராது. ஒரு ஜோடிக்குக் கொஞ்சம் கூட ஆகும், இன்னொண்ணுக்குக் கொஞ்சம் குறையும். சொல்லி வெச்ச மாதிரி மூணு மூணா வந்தா யாரோ சொல்லி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். பேரைப் படிச்சேன். ஸ்லீப். தூங்கு. மூணு நொடி ஒண்ணும் பண்ணாம தூங்கு. அதக் கூப்பிட்டது யாருன்னு அடுத்த வரி, 'சரிபார்'ங்கற ஃபங்ஷன். நட்சத்திர ஃபைலு. அய்யய்யோ. அய்யய்யோ, நாந்தான். அஞ்சு வருஷத்துக்கு முன்னால ஒரு மழை நாள் மத்தியானம். கீழ் ஆபீசுல, நேரா வர்றவங்களுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருந்தோம். பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து ஒருத்தர் மஞ்சப் பைல ரெண்டு ஜாதகத்தோட வந்தாரு. கவுண்டர்ல இருந்த பொண்ணு அடிச்சா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள எட்டுப் பொருத்தம்னு வந்துச்சு. மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு. "ஏனுங்க, பாக்கவே இல்ல, அதுக்குள்ள சொல்லிப்போட்டீங்க? எம்புள்ள வாழ்க்கைங்க இது." பையத் தூக்கிட்டு மழைலயே போயிட்டாரு. நாச்சிமுத்து அய்யா மாடியேறி வந்து என் பக்கத்துல சேர் போட்டு உக்காந்தாரு. "அம்மிணி, ஒரு மூணு நொடி நிக்கட்டும். ஜோசியரு கண்ண மூடற நேரமாச்சும் வேணுமல்லோ." நான், "அது பொய்யுங்களேய்யா"ன்னேன். "பொய்யில்ல அம்மிணி, மருவாதி"ன்னாரு. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னும் சொன்னாரு. நான் எழுதினேன். எழுதும்போது கூச்சமா இருந்துச்சு, குறிப்புகூட எழுதல. எதையுமே சரிபாக்காத ஃபங்ஷனுக்குச் சரிபார்னு பேர் வெச்சு, ஸ்லீப்புன்னு ஒரு வரி போட்டு, ஃபைலுக்கு நடுவுல சொருகினேன். அப்பறம் மறந்துட்டேன். நிஜமாவே மறந்துட்டேனா, இல்ல மறக்கோணும்னு மறந்தேனா? வெப்சைட்டுல ஒருத்தர் ஒரு ஜோடி பாக்கறப்ப மூணு நொடி மருவாதி. முப்பத்து மூவாயிரம் ஜோடிக்கு அதையே செஞ்சா, நாலு பேரு பிரிச்சுப் பாத்தாலும் ஏழு மணி நேரம்.

மணி பன்னெண்டரை. இங்க வந்து மனசு சிக்கிருச்சு, அதை ஒளிக்காமச் சொல்லிடறேன். அந்த வரிய அழிக்கறதுக்கு ஒரு நொடி போதும். யாரு எழுதினாங்கன்னு கம்ப்யூட்டரைக் கேட்டா சொல்லாது, அப்பெல்லாம் ஆபீசுக்கே ஒரே லாகின், கேட்டா அட்மின்னு மட்டும் சொல்லும். அய்யாவுக்கு இப்ப ஞாபகம் நிக்கறதில்ல, மக பேரையே மாத்திக் கூப்பிடறாரு. பானு புரோகிராமை மாத்தினதுக்கு அப்பறந்தான் ஸ்லோ ஆச்சு, நான் சரி பண்ணிட்டேன். அதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா? இல்ல. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. தேதி உண்மை, மாத்தினது உண்மை, ஸ்லோ ஆனது உண்மை. மாப்பிள்ளை என் கண்ணாடியப் பாக்க மாட்டாரு, சாந்தாமணி இல்லாட்டி ஆகுமாம்பாரு. மெயிலைத் திறந்து அந்த வரிய அடிச்சும் பாத்தேன். அடிச்சது நான்தான், என் விரல்தான். பாக்க ஒண்ணும் மோசமா இல்ல. அழிக்கலாம்னு நட்சத்திர ஃபைலைத் திறந்தேன், சரிபார் எங்க இருக்குன்னு தேடினேன். நாப்பத்தியொண்ணு. நாப்பத்தியொண்ணாவது வரில இருக்கு. காலைல நான் எரிச்சலோட ஒரு அடையாளத்த அழிச்சேனே, அதே எடம். அத்தனை பெரிய ஃபைலுல அவ அடையாளம் போட்டது இந்த ஒரே ஒரு ஃபங்ஷனுக்கு மேல. அப்ப செவ்வாய்க்கிழமையே அவ அளந்து பாத்திருக்கா. மூணு மூணா வந்தத அவளும் பாத்திருக்கா. சரிபார்ல தூங்குன்னு எழுதியிருக்கறதப் படிச்சிருக்கா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மூணு நாளா, வேலை போனாலும் போயிரும்னு தெரிஞ்சே, ரெண்டு சீட்டு தள்ளி, பாட்டிலைத் திறந்து திறந்து மூடிட்டு உக்காந்திருக்கா. எதுக்குச் சொல்லல? எதுக்குன்னு கேக்கறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை. தொடாதேன்னு சொன்னது யாரு?

அடிச்ச வரிய அழிச்சேன். புதுசா எழுதினேன், திருத்தவே இல்ல, ஒரே மூச்சுல எழுதினேன்: 'ஏழு மணி நேரத்துக்குக் காரணம் பானு இல்ல. வெப்சைட்டுல பதில் உடனே வந்தா நம்ப மாட்டாங்கன்னு அஞ்சு வருஷத்துக்கு முன்னால ஒவ்வொரு ஜோடிக்கும் மூணு நொடி காத்திருக்க வெச்சது நான். குறிப்பு எழுதாம விட்டதும் நான், அந்த ஃபைலைத் தொடக் கூடாதுன்னு பானுகிட்டச் சொன்னதும் நான். பானு செஞ்ச மாற்றம் சரி. பட்டியல் இன்னைக்கே பழைய நேரத்துக்கு வந்துரும். வெப்சைட்டுக்கு அந்த மூணு நொடி வேணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க.' அளந்த கணக்கையும் சேத்து, ஹெச்.ஆருக்கும் நகல் போட்டு அனுப்பினேன். ஒரு மணி. பானு டப்பாவோட பக்கத்துல வந்து நின்னா. "சாப்பிட வரீங்களாக்கா?" குரல் இறங்கித்தான் கெடந்துச்சு. நான் என் ஸ்கிரீனை அவ பக்கம் திருப்பினேன், மெயிலை. நின்னபடியே படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. டப்பாவ மேஜை மேல வெச்சுட்டு முந்தானையால மூக்கைத் துடைச்சா. "செவ்வாய்க்கிழமையே தெரியுமா உனக்கு?" "தெரியும்க்கா." "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" "சொல்லலாம்னு மூணு தடவை எந்திரிச்சேன். நீங்க எழுதினதுல தப்பு இருக்காதுன்னீங்க. நான்தான் தப்பாப் பாக்கறேன்னு இருந்தேன்." பக்கத்துச் சேரை இழுத்துப் போட்டு, கீபோர்டை அவ பக்கம் தள்ளினேன். "நாப்பத்தியொண்ணு. நீயே எடு." விரலைக் கீபோர்டு மேல வெச்சுட்டு என்னைப் பாத்தா. "தொடலாமாக்கா?" "தொடு." எடுத்தா. இருநூறு ஜோடியையும் மறுபடி ஓட விட்டா. நான் டப்பா மூடியத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுது, ரெண்டே நொடி. ரெண்டு பேரும் ஸ்கிரீனையே பாத்தோம். அப்பறம், இவ்வளவு சீக்கிரமா வந்தத நம்ப முடியாம, இன்னொரு தடவை ஓட விட்டோம்.